மஞ்சளும் மூளையும்: மூலிகை மருந்தாகும் பாதை

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, வருஷா வருஷம் எல்லாரும் சாஃப்ட்வேர், வேலைவாய்ப்புன்னே பேசறாங்க. நீ மஞ்சள் பிளாண்டுல இருக்கே. அதைப் பத்திப் பேசேன்" என்றார். சரி என்றேன். ஆனால் மஞ்சளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நான் ஈரோடு பக்கத்தில், மசாலாப் பொருள்களிலிருந்து சாறு பிரித்தெடுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கெமிக்கல் என்ஜினியர். கல்யாண வீட்டில், பஸ்ஸில், கோயில் வாசலில் யாரிடம் இதைச் சொன்னாலும் அடுத்த நிமிஷம் ஒரு கேள்வி வரும். "அப்படீன்னா குர்குமின் உங்ககிட்டயே கிடைக்குமா? எங்க மாமாவுக்கு நரம்புக் கோளாறு. குடுத்தா சரியாகுமா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு நோயாளி இருக்கிறார். ஆகவே இன்றைக்கு அந்தக் கேள்விக்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து எழுதிக் கொடுக்கும் தகுதி எனக்கில்லை. ஒரு பொருள் தாவரத்திலிருந்து எப்படி வெளியே வருகிறது, மாத்திரையாவதற்குள் என்னென்ன படிகளைத் தாண்டுகிறது என்பது மட்டும் என் தொழில். அந்தக் கோணத்திலிருந்து பேசுகிறேன்.

வயரின் உறை கருகினால்

மூளை, நரம்பு சம்பந்தமான நோய்களில் அழற்சியால் வரும் நோய்கள் என்று ஒரு வகை உண்டு. அதில் முக்கியமானது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். 1868இல் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ இதைத் தனி நோயாக விவரித்தார். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் நடுவில் ஆரம்பிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நரம்பு என்பது ஒரு வயர். அதன் மேல் மையலின் என்று கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. உறை நன்றாக இருந்தால் சிக்னல் வேகமாகப் போகும். எம்.எஸ். நோயில் நம் உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே இந்த உறையை அந்நியப் பொருள் என்று நினைத்துத் தாக்குகின்றன. அந்த இடத்தில் அழற்சி உண்டாகி உறை உரிந்து போகிறது. கண் நரம்பில் நடந்தால் பார்வை மங்கும். தண்டுவடத்தில் நடந்தால் கால் மரத்துப் போகும். சில வாரத்தில் தானாகவே ஓரளவு சரியாகும். மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் தங்கிவிடும். கடைசியில் உறை மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் கம்பியும் போய்விடுகிறது.

இந்த நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993இல்தான். இண்டர்ஃபெரான் பீட்டா என்னும் ஊசி மருந்து அது. அதற்கப்புறம் பல மருந்துகள் வந்துவிட்டன. எதுவும் நோயை அடியோடு போக்குவதில்லை. தாக்குதல்களைக் குறைக்கும், சேதத்தைத் தள்ளிப்போடும். விலையும் அதிகம். இப்படிப்பட்ட நோய்க்கு அடுப்பங்கரை அஞ்சறைப் பெட்டியிலேயே மருந்து இருக்கிறது என்று யாராவது சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசைக்கு ஆதாரம் உண்டு

இந்த ஆசை மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். தாவரங்கள் நமக்கு நிஜமான மருந்துகளைக் கொடுத்திருக்கின்றன. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின், சீனாவில் கஷாயமாகக் குடித்துவந்த ஒரு செடியிலிருந்து வந்தது. அதற்காக டூ யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம ஊர்க் கதை ஒன்றும் உண்டு. பூனைக்காலி விதை உங்களுக்குத் தெரியும். காயின் மேல் இருக்கும் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1937இல் கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னை சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர். அப்போது அது எதற்கு உபயோகப்படும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் கழித்து, 1967இல், அமெரிக்காவில் கோட்ஸியாஸ் என்பவர் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அதிக அளவில் டோபா கொடுத்து நல்ல பலன் கண்டார். கை நடுக்கத்தோடு முடங்கிக் கிடந்தவர்கள் நடந்தார்கள். இன்றைக்கும் பார்க்கின்சன் நோய்க்கு முதன்மையான மருந்து எல்-டோபாதான். பார்க்கின்சன் நோய் எம்.எஸ்.போல வெள்ளை அணுக்களின் தாக்குதலால் ஆரம்பிக்கும் நோய் அல்ல, அது வேறு வகை. ஆனாலும் ஒரு விதைக்குள் இருக்கும் பொருள் மூளைவரை போய் வேலை செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

மஞ்சளுக்கு வருவோம்

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினை 1815லேயே ஐரோப்பாவில் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டுபிடித்தது 1910இல். காய்ந்த மஞ்சளில் 100க்கு 2 முதல் 5 பங்குதான் குர்குமின் வகைப் பொருள்கள். எங்கள் பிளாண்டில் மஞ்சளைப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, கிடைக்கும் பிசின் போன்ற சாற்றிலிருந்து படிகமாக்குகிறோம். ஒரு டன் மஞ்சள் உள்ளே போனால் வெளியே வருவது சில பத்துக் கிலோ ஆரஞ்சுப் பொடி. இரண்டாம் வருஷத்தில் மாஸ் ட்ரான்ஸ்ஃபர் பாடம் எதற்கு என்று கேட்டோமே, இதற்குத்தான்!

2002இல் அமெரிக்காவில் நடராஜன், பிரைட் என்ற இருவர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். சுண்டெலிகளுக்கு எம்.எஸ். போன்ற ஒரு நோயைச் செயற்கையாக உண்டாக்க முடியும். அந்த எலிகளுக்குக் குர்குமின் கொடுத்தபோது நோயின் கடுமை குறைந்தது. வெள்ளை அணுக்களைத் தாக்கச் சொல்லித் தூண்டும் ஒரு சமிக்ஞை தடைபட்டது என்று காரணமும் காட்டினார்கள். நல்ல ஆராய்ச்சிதான். இதைத் தொடர்ந்து நிறைய எலி ஆராய்ச்சிகள் வந்தன. இன்றைக்குப் பாட்டில்களின் விளம்பரத்தில் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று போடுகிறார்களே, அதில் பெரும்பகுதி இந்த மாதிரி எலிகளையும் கண்ணாடிக் குப்பியையும் வைத்துச் சொல்வது.

எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் நாலு கேட் இருக்கிறது. நான்கையும் தாண்டினால்தான் மருந்து.

முதல் கேட் குடல். குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. வாயில் போட்டதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். உள்ளே போகிற கொஞ்சத்தையும் குடலும் ஈரலும் உடனே உருமாற்றித் தள்ளிவிடும். 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமின் தனியாகக் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. அதோடு மிளகிலிருக்கும் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உடம்பில் சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியது. பாட்டில் மேல் இந்த 2,000 மட்டும் பெரிய எழுத்தில் வரும். நாம் என்ஜினியர்கள், கேட்க வேண்டியது, "எதிலிருந்து 2,000 சதவீதம்?" ஒன்றுமில்லாததைப் பல மடங்கு பெருக்கினாலும் கொஞ்சம்தான் வரும். தவிர, மிளகு இதைச் செய்வது ஈரலில் பொருள்களை உருமாற்றும் என்சைம்களை மந்தப்படுத்தித்தான். அப்போது நீங்கள் சாப்பிடும் வேறு மருந்தின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன் மாத்திரையின் அளவைப் பைப்பரின் கூட்டுகிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேட் மூளையின் வாசல். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களின் சுவர், கண்டதையும் உள்ளே விடாது. ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குப் போகும் என்று நினைக்கக் கூடாது.

மூன்றாவது கேட், குறி தவறாமல் வேலை செய்வது. 2017இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட வேதியியலாளர்கள் குர்குமினைப் பற்றி ஒரு பெரிய மதிப்பீட்டுக் கட்டுரை எழுதினார்கள். குர்குமின் தானே ஒளிர்கிறது, புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்கிறது, சாதாரணக் கரைசலிலேயே சிதைகிறது. ஆகவே சோதனைக் குழாயில் அது எல்லாவற்றுக்கும் வேலை செய்வதுபோலத் தோன்றும், சோதனையையே ஏமாற்றிவிடும் என்று எடுத்துக்காட்டினார்கள். எல்லாப் பூட்டுக்கும் சேரும் சாவி என்று ஒருவன் கொண்டுவந்தால், பூட்டு நிஜமாகவே திறந்ததா என்று நாம் பார்ப்போம் இல்லீங்களா?

நான்காவது கேட் மனிதர்களிடம் நடத்தும் முறையான சோதனை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதேபோல் தோற்றமுள்ள வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 2012இல் வெளிவந்த ஒரு சோதனையில் அல்ஸைமர் நோயாளிகள் 36 பேருக்கு 24 வாரம் குர்குமினோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. ரத்தத்தில் குர்குமின் அளவும் மிகக் குறைவாக இருந்தது. 2018இல் கலிஃபோர்னியாவில், மறதி நோய் வராத 40 பேரிடம், எளிதில் உடம்பில் சேருமாறு தயாரித்த குர்குமினை 18 மாதம் கொடுத்தபோது ஞாபகசக்தி கொஞ்சம் மேம்பட்டதாகக் கண்டார்கள். சிறிய சோதனை, பெரிய அளவில் திரும்பச் செய்து பார்க்க வேண்டியது. கதவு முழுக்க மூடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எம்.எஸ். நோய்க்குக் குர்குமின் மருந்து என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது.

மற்றவை எப்படி?

பச்சைத் தேயிலையில் ஈ.ஜி.சி.ஜி. என்று ஒரு பொருள் இருக்கிறது. எலிகளிடம் அருமையாக வேலை செய்தது. பெர்லின் மருத்துவமனையில் எம்.எஸ். நோயாளிகள் 122 பேரிடம், வழக்கமான ஊசியோடு சேர்த்து 18 மாதம் சோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தது. மூளை ஸ்கேனில் எந்த லாபமும் இல்லை.

குந்திரிக்கம் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. தேவாலயத்தில் புகை போடும் பொருள்தான். நம் நாட்டுக் குந்திரிக்க மரம் மத்திய இந்தியாவின் வறண்ட காடுகளில் வளர்கிறது. அதன் பிசினில் இருக்கும் போஸ்வெலிக் அமிலங்கள் அழற்சியைத் தூண்டும் ஓர் என்சைமைத் தடுக்கின்றன. 2011இல் ஜெர்மனியில், மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற 44 பேரிடம் இதைச் சோதித்தார்கள். மூளை வீக்கம் நாலில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தவர்கள், குந்திரிக்கச் சாறு சாப்பிட்டவர்களில் 60 சதவீதம், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 சதவீதம். பிறகு எம்.எஸ். நோயாளிகள் 28 பேருக்கு எட்டு மாதம் கொடுத்துப் பார்த்ததில், ஸ்கேனில் தெரியும் புதிய அழற்சிப் புள்ளிகள் பாதியாகக் குறைந்தன. 2018இல் வெளியான இந்த இரண்டாவது சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாத்திரைக் குழு இல்லை. தானாகக் குறைந்ததா, மருந்தால் குறைந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது. நாலாவது கேட்டின் வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கஞ்சாவைப் பற்றிச் சொன்னால் பின்வரிசை நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்! 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஓஷானெஸ்ஸி, நம் நாட்டு வைத்திய முறையைப் பார்த்து, இசிவு நோய்க்குக் கஞ்சாச் சாற்றைக் கொடுத்துக் கட்டுரை எழுதினார். அதிலிருந்து 171 வருஷம் கழித்து, 2010இல், எம்.எஸ். நோயாளிகளின் தசை இறுக்கத்துக்குக் கஞ்சாச் சாற்றாலான வாய் ஸ்பிரே ஒன்றுக்கு பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. ஒரு தடவை அழுத்தினால் ஒரு பொருள் 2.7 மில்லிகிராம், இன்னொரு பொருள் 2.5 மில்லிகிராம். அந்தத் துல்லியத்தைக் கவனியுங்கள். அதுவும் இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். கஞ்சாவின் முக்கியப் பொருளை மூன்று வருஷம் கொடுத்தும் நோயின் வேகம் குறையவில்லை என்று 2013இல் பிரிட்டனில் இன்னொரு சோதனை காட்டியது.

ஒரு களைச் செடியின் கதை

நாலு கேட்டையும் தாண்டி வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் வயல் ஓரத்தில் ஃப்யூமேரியா என்று ஒரு களைச் செடி முளைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தரையிலிருந்து புகை கிளம்புவதுபோல இருக்கும். தோல் நோய்க்கு நாட்டு மருந்தாக அதை உபயோகித்தார்கள். அந்தச் செடியில் இருக்கும் அமிலத்துக்கு ஃப்யூமேரிக் அமிலம் என்று பெயர் வந்தது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சத்தை எரிக்கும் சுழற்சியில் இதே பொருள் ஒரு படியாக வருகிறது.

ஜெர்மனியில் ஸ்வெக்கெண்டீக் என்ற வேதியியலாளருக்குச் சொரியாஸிஸ் என்னும் தோல் நோய் இருந்தது. ஃப்யூமேரிக் அமிலக் கலவைகளைத் தன் மேலேயே சோதித்து 1959இல் எழுதினார். 1994இல் ஜெர்மனி அதைச் சொரியாஸிஸ் மருந்தாக அங்கீகரித்தது. சொரியாஸிஸும் எதிர்ப்பு சக்தி திசைமாறுவதால் வரும் நோய்தான். அப்படியானால் எம்.எஸ். நோய்க்கும் பார்க்கலாமே என்று யோசித்தார்கள். 2,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு 2012இல் வந்தது. டைமெத்தில் ஃப்யூமரேட் 240 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை சாப்பிட்டவர்களுக்கு வருடாந்தரத் தாக்குதல்கள் ஒரு சோதனையில் 53 சதவீதமும் இன்னொன்றில் 44 சதவீதமும் குறைந்தன. 2013 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்திய நிறுவனங்களும் இதைத் தயாரிக்கின்றன. செடி தேவையில்லை. மலேயிக் அமிலத்தை உருமாற்றி, மெத்தனாலோடு சேர்த்தால் கிடைக்கும். நம் ஆர்கானிக் லேபில் செய்கிற மாதிரியான வினைதான்.

இதே பொருளுக்கு இன்னொரு முகம் உண்டு. சீனாவிலிருந்து கப்பலில் ஏற்றும் சோஃபாக்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, சின்னப் பொட்டலங்களில் இதே டைமெத்தில் ஃப்யூமரேட்டைப் போட்டு வைத்தார்கள். அதில் உட்கார்ந்த ஐரோப்பியர்கள் பலருக்குத் தோல் வெந்துபோனது. ஒரு கிலோ பொருளில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் 2009இல் தடை போட்டது. சோஃபாவில் விஷம், கேப்ஸ்யூலில் மருந்து. அளவு, வழி, தூய்மை, கண்காணிப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒரு பொருளை மருந்தாக்குகிறது. கேப்ஸ்யூல் சாப்பிடுகிறவர்களுக்கும் வெள்ளை அணு குறைகிறதா என்று அடிக்கடி ரத்தம் பார்க்கிறார்கள். குறைந்து போனதைக் கவனிக்காமல் விட்ட சிலருக்கு மூளையில் அபூர்வமான வைரஸ் தொற்று வந்திருக்கிறது.

சேஃப்டி வால்வு

இப்போது எங்கள் பிளாண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பாய்லர் ஆபரேட்டர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகள் கல்லூரி கடைசி வருஷத்தில் இருந்தபோது ஒரு கண்ணில் பார்வை மங்கியது. சரியாகி, சில மாதத்தில் கால் மரத்தது. ஸ்கேன் எடுத்து எம்.எஸ். என்றார்கள். நான் மேலே சொன்ன அதே கேப்ஸ்யூலை எழுதிக் கொடுத்தார்கள். மாதச் செலவு அவருக்குப் பெரிய பாரம். ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், எம் புள்ள இப்ப நல்லாத்தானுங்க இருக்கா. அந்த மருந்தை நிறுத்திப்போட்டு நம்ம பிளாண்டு பவுடரையே குடுத்தா ஆகாதுங்களா? ஊருக்கெல்லாம் அனுப்பறோம், நம்ம வீட்டுக்கு ஆகாதுங்களா?"

எலி, என்சைம் என்றெல்லாம் அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை. "அண்ணா, நம்ம பாய்லர்ல சேஃப்டி வால்வு கடைசியா எப்பத் தூக்குச்சு?" என்று கேட்டேன். "அது ஆச்சுங்க சார், ஒரு வருஷம் இருக்கும்" என்றார். "ஒரு வருஷமாத் தூக்கலையே, கழட்டி வச்சிடலாமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாய்லருன்னா நான் விடுவனுங்களா" என்றார்.

அந்த மருந்து இன்றைக்கு வலியைத் தீர்க்கும் மருந்து இல்லை. அடுத்த தாக்குதல் வராமல் தடுக்கும் மருந்து. ஆகவே அது வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அதன் பலன். நிறுத்தினாலும் மறுநாளே ஒன்றும் ஆகாது. அதனால்தான் நிறுத்தத் தோன்றுகிறது. அப்புறம் ஒரு நாள் மறுபடி கண் மங்கினால், போன பார்வை முழுதும் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். செலவைப் பற்றி வெளிப்படையாகக் கேட்டோம். அதே மருந்தில் விலை குறைந்த தயாரிப்பை மாற்றிக் கொடுத்தார். சமையலில் போடும் மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம், கேப்ஸ்யூல் குர்குமின் தன்னைக் கேட்காமல் வேண்டாம் என்றார். அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். நோய் போய்விடவில்லை. மருந்தும் ரத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன.

இயற்கை என்றால் பாதுகாப்பா?

"மூலிகைதானே, நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது" என்பார்கள். குழம்பில் போடும் அளவுக்கு அது சரி. எங்கள் பிளாண்டில் வரும் பொடி வேறு. ஒரு கேப்ஸ்யூலில் பல நாள் சமையலின் குர்குமின் அடங்கிவிடும். மஞ்சள் கேப்ஸ்யூல்களால் வந்த ஈரல் அழற்சி பற்றி 2019இல் இத்தாலி அரசு எச்சரித்தது. அமெரிக்காவில் இப்படி ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரை ஆராய்ந்ததில், 7 பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. ஒருவர் இறந்துபோனார். கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் பொருளில் இது மிக அபூர்வம்தான். ஆனால் அந்த மரபணு தனக்கு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

கலப்படம் இன்னொரு விஷயம். மஞ்சளுக்குப் பளபளப்புக் கூட்ட ஈயக் குரோமேட் கலப்பதைப் பங்களாதேஷில் நடந்த ஆய்வு 2019இல் கண்டுபிடித்தது. ஈயம் மூளைக்கு விஷம். மூளைக்கு நல்லது என்று வாங்கிச் சாப்பிடும் பொருளில் மூளையைக் கெடுக்கும் ஈயம்!

கேட்டுக்கொள்வது

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே சாப்பாடு தயார் என்று வாசனை சொல்கிறது. சிலவற்றைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

நரம்பு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த மூலிகைக்காகவும் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்து சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள் நம்மில் பாதிப் பேர். டாக்டர்களும் திட்டாமல் கேட்க வேண்டும். பாட்டிலில் "நிரூபிக்கப்பட்டது" என்று பார்த்தால், எலியிலா மனிதனிலா, எத்தனை பேரில், வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். இன்டர்னல் எக்ஸாமினரிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் நாம். அந்தக் கேள்விகளைக் கேட்க நமக்குத் தெரியும்.

கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். மூலிகைச் சாறு ஒவ்வொரு பேட்சிலும் ஒரே மாதிரி வர வேண்டும். மழை அதிகமான வருஷத்து மஞ்சளும் வறட்சி வருஷத்து மஞ்சளும் ஒன்றல்ல. சாறு ஒரே தரத்தில் இல்லாவிட்டால் எந்த மருத்துவச் சோதனையும் அர்த்தமில்லாமல் போய்விடும். அது மருத்துவர்கள் தீர்க்கும் பிரச்சினை இல்லை, நம் துறை தீர்க்க வேண்டியது. கடைசி வருஷ மாணவர்கள் இதை ப்ராஜெக்டாக எடுத்தால், மாதிரிகளுக்கு மஞ்சளும் பிளாண்டைச் சுற்றிப் பார்க்க அனுமதியும் வாங்கித் தருவது என் பொறுப்பு. சேப்பாக்கத்தில் அந்த இருவரும் பூனைக்காலி விதையை உடைத்தபோது அது யாருக்குப் பயன்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்து எழுதி வைத்தார்கள்.